சமையலறைச் சுவரில் துளை வந்த விதம்

அண்ணன் பெற்று, நாங்கள் வளர்த்து, இப்போது எங்களையே அதட்டும் அன்பு மகளுக்குச் சித்தப்பா எழுதிக்கொள்வது.

இங்கே நானும் உன் சித்தியும், ஒன்றைத் தவிர வீட்டின் மற்ற எல்லாச் சுவர்களும் சுகம். நீ சுகமா என்று நான் கேட்கப்போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ போனில் போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டது, உடம்பு சரியில்லாதவள் குரலில் அத்தனை தெம்பு இருக்காது. வீடியோ காலில் பேசிக்கொண்டிருக்கும்போது சித்தியின் முகத்தை விட்டுவிட்டு அவள் தலைக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தாய் பார், அங்கேதான் நீ என் வளர்ப்பு என்று நிரூபித்தாய். குழாய்க்கு மேலே அது என்ன ஓட்டை என்று கேட்டாய். சுவர் பழசும்மா என்றாள் சித்தி. மரங்கொத்தி என்றேன் நான். இரண்டையும் நீ நம்பவில்லை. எவனோ எதையோ விக்க வந்து தலையில கட்டப் பார்த்திருக்கான், சித்திக்கு யாரையும் வேண்டாம்னு சொல்ல வராது, நீங்க ரெண்டு பேரும் தனி வீட்டுல இருந்தது போதும் என்று மூச்சு விடாமல் சொல்லி முடித்தாய். கேட்டும் காவலாளியும் வருகிறவர்களை எழுதிவைக்கிற நோட்டும் இருக்கிற அடுக்குமாடியில் எங்களுக்கு மூன்றாவது மாடியில் ஒரு ஃபிளாட் பார்த்துவிட்டதாகவும், ஒன்றாம் தேதிக்குள் பதில் வராவிட்டால் லாரியே அனுப்பிவிடுவதாகவும் சொன்னாய். இதுதான் அந்தப் பதில். போனிலேயே சொல்லியிருப்பேன், ஆனால் நான் மூன்றாவது வாக்கியத்தைத் தொடும்போதே சித்தப்பா புளுகாதீங்க என்று வெட்டிவிடுவாய். கடிதத்தை வெட்ட முடியாது, மடித்துத்தான் வைக்க முடியும்.

ஆகவே, குடிநீர் அலுவலகத்தின் புகார்க் கவுன்ட்டரில் முப்பத்தொரு வருஷம் ஒரே நாற்காலியைத் தேய்த்தவன் என்ற முறையில், ஓய்வு பெற்ற அன்று எனக்குக் கொடுத்த சுவர்க்கடிகாரத்தின் மேல், அது ஓடவில்லை என்றாலும், சத்தியம் செய்து சொல்கிறேன். இனி நான் எழுதப்போவதை உலகத்தில் ஒருவரும் நம்பமாட்டார்கள். எதிர் வீட்டு டீச்சர் நம்பமாட்டார், நம் தெரு நாய் நம்பாது, கொஞ்சம் தள்ளி நின்று யோசித்தால் நானே நம்பமாட்டேன். நீயும் நம்ப வேண்டாம், முழுதாகப் படித்தால் போதும்.

நீ ஊரை விட்டுப் போனபோது இருந்த தெரு இல்லை இது. முனையில் புது பஸ் நிறுத்தம் வந்ததும் வந்தது, பஸ்ஸிலிருந்து இறங்குகிற பத்துப் பேரில் பன்னிரண்டு பேர் வீடு வீடாக விற்க வருகிறவர்கள். காலையில் கதவைத் திறந்தால் முதலில் உள்ளே வருவது வெளிச்சம் இல்லை, ஒரு பை. பைக்குப் பின்னால் ஒரு சிரிப்பு, சிரிப்புக்குப் பின்னால் ஒரு ஆள். ரெண்டே நிமிஷம் அம்மா, வாங்க வேண்டாம், சும்மா பாருங்க என்பான். அந்த இரண்டு நிமிஷம் முடிவதற்குள் ஒரு பருவகாலம் போய் அடுத்தது வந்துவிடும். அழைப்பு மணி தேய்ந்து தேய்ந்து இப்போது அழுத்தினால் இருமுகிறது. உன் சித்தியைப் பற்றி உனக்குத் தெரியும். பிறந்ததிலிருந்து அவள் வாயில் வராத சொல் ஒன்று உண்டு. அதற்குப் பதிலாக அவள் சொல்வது, அப்புறம் பார்க்கலாங்க. விற்க வருகிறவர்கள் மொழியில் அதற்கு உள்ளே வாங்க, உட்காருங்க, பையைப் பிரிங்க என்று அர்த்தம். அதன் விளைவாக இந்த வீட்டில் தரை துடைக்கும் மாப் மட்டும் ஐந்து இருக்கிறது, தரை ஒன்றுதான். பதினொரு பிளேடு வைத்த காய் வெட்டும் கருவி ஒன்று இருக்கிறது, இதுவரை அது ஒழுங்காக வெட்டியது என் கட்டைவிரலைத்தான். தலையில் முடி முளைக்க வைக்கும் சீப்பு ஒன்றும் வந்தது. அதை யாருக்காக வாங்கினாய் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை, என் தலையை மட்டும் ஒரு தடவை பார்த்தாள்.

இந்த நிலையில்தான் நாட்டைக் காக்கும் பொறுப்பை நான் கையில் எடுத்தேன். புகார்க் கவுன்ட்டரில் இருந்தவனுக்கு ஒரு வித்தை தெரியும். அங்கே நாங்கள் யாருக்கும் முடியாது என்று சொன்னதே இல்லை, யாருக்கும் எதையும் செய்து கொடுத்ததும் இல்லை, ஆனாலும் வந்தவர்கள் எல்லாரும் நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள். அதையே வாசலில் கொண்டுவந்தேன். கதவைப் பூட்டிவிட்டு, பக்கத்து ஜன்னலுக்கு உள்ளே மேஜை போட்டு, பழைய காலண்டர் அட்டையை வெட்டி டோக்கன் செய்து, நாற்பத்தேழு கேள்விகள் உள்ள விண்ணப்பம் ஒன்று தயாரித்தேன். விற்கும் பொருள் என்ன, அது உங்கள் வீட்டில் உண்டா, இல்லையென்றால் ஏன் இல்லை, உங்கள் தாத்தாவின் செருப்பு அளவு என்ன, இப்படிப் போகும். மூன்று நகல் வேண்டும். பன்னிரண்டு மணிக்குச் சாப்பாட்டு இடைவேளை, அது நான்கு மணி வரை. அதற்குமேல் அவசரம் என்றால் அடுத்த கவுன்ட்டருக்குப் போகலாம். அடுத்த கவுன்ட்டர் சமையலறை ஜன்னல், அதற்கு வெளியே முள்செடி. முதல் வாரத்திலேயே டோக்கன் வரிசை பஸ் நிறுத்தத்தைத் தாண்டிவிட்டது. டிரைவர் அவர்களைப் பயணிகள் என்று நினைத்து பதினான்கு பேரை ஏற்றிக்கொண்டு போய்விட்டார், அவர்கள் எங்கே இறங்கினார்களோ இன்றுவரை தகவல் இல்லை. மீதிப் பேருக்குக் காத்திருந்து காத்திருந்து பொழுது போகவில்லை. ஆள் ஆளுக்குப் பக்கத்தில் நின்றவனிடம் விற்க ஆரம்பித்தார்கள். மெத்தைக்காரன் காப்பீடு எடுத்தான், காப்பீட்டுக்காரன் திரைச்சீலை வாங்கினான், திரைச்சீலைக்காரன் மெத்தையில் படுத்துத் தூங்கியேபோனான். சாயங்காலம் எல்லாருடைய பையும் காலி. இவ்வளவு நல்ல வாடிக்கையாளர்கள் உள்ள தெருவை நாங்க பார்த்ததே இல்லைங்க ஐயா என்று என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்கள்.

இப்படி ராஜாங்கம் நடந்துகொண்டிருந்தபோதுதான் அவன் வந்தான். அவனுக்கு நான் வைத்த பெயர் டை. கொதிக்கிற வெயிலிலும் கழுத்தில் டை, வியர்வை ஒரு பொட்டு இல்லை, கையில் கறுப்புப் பெட்டி. தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் விற்கிறவன். அவன் டோக்கனைப் பணிவாக வாங்கினான். விண்ணப்பத்தை வாங்கினான். நாற்பத்தேழு கேள்விக்கும், தாத்தாவின் செருப்பு உட்பட, அச்சடித்த மாதிரி கையெழுத்தில் பதில் எழுதி, மூன்று நகலோடு நீட்டினான். முப்பத்தொரு வருஷத்தில் ஒரு கட்டத்தைக்கூடக் காலியாக விடாமல் எனக்கு விண்ணப்பம் கொடுத்த ஒரே மனிதன் அவன்தான். என் கண் கலங்கிவிட்டது. கதவைத் திறந்துவிட்டேன். சித்தி அப்போது எதிர் வீட்டு டீச்சரிடம் ஏணியைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தாள், போனவள் பேச்சில் உட்கார்ந்துவிட்டாள். ஐயா எந்த இலாகாவுல இருந்தீங்க என்று கேட்டான் டை. சொன்னேன். அப்படியா ஐயா, சொல்லுங்க ஐயா என்று கன்னத்தில் கை வைத்துக் கேட்டான். ஒரு மணி நேரம் கேட்டான். இந்த வீட்டில் என் அலுவலகக் கதையை அவ்வளவு நேரம் கொட்டாவி விடாமல் கேட்டவர்கள் யாராவது உண்டா, நீயே சொல்.

அதற்குப் பிறகு நம் குழாயிலிருந்து ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீர் பிடித்தான். அவன் இயந்திரத்துத் தண்ணீர் இன்னொரு டம்ளரில். பெட்டியிலிருந்து ஒரு சாதனத்தை எடுத்து அதன் கம்பிகளை இரண்டு டம்ளரிலும் இறக்கி, கரண்ட் கொடுத்தான். அவன் தண்ணீர் பளிங்கு மாதிரி அப்படியே நின்றது. நம் தண்ணீர் முதலில் மஞ்சளாகி, பிறகு பழுப்பாகி, கடைசியில் சேறாகி நுரை தள்ளியது. பார்த்தீங்களா ஐயா, இத்தனை வருஷமா இந்த ஊரு குடிக்கிறது இதைத்தான் என்றான். மகளே, இங்கே கொஞ்சம் புளுகை நிறுத்திவிட்டு எழுதுகிறேன். அந்த டம்ளரைப் பார்த்ததும் எனக்கு என் பழைய நாற்காலிதான் நினைவுக்கு வந்தது. தண்ணி சரியில்லைங்க என்று என் கவுன்ட்டருக்கு வந்தவர்கள் எத்தனை பேர். கைக்குழந்தையோடு வந்தவர்கள் எத்தனை பேர். எல்லாருக்கும் தண்ணீர் சோதிக்கப்பட்டது, நன்றாக உள்ளது என்று எழுதி அனுப்பியவன் நான். அது என் சோதனை இல்லை, மேலே இருந்து வருவதை எழுதுவதுதான் என் வேலை, இருந்தாலும் கையெழுத்து என்னுடையது. டம்ளர் என் முன்னால் புகார் சொல்லிக்கொண்டு நிற்கிறது. அந்த நேரம் பார்த்து டை ஒரு தாளை நகர்த்தி, பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இடத்தைக் காட்டினான். இப்போது சித்தி என் பின்னால் நின்று இந்தக் கடிதத்தைப் படித்துக்கொண்டு, இந்த இடத்தில் நகத்தால் கோடு போடுகிறாள், உண்மையை எழுதச் சொல்லி. எழுதுகிறேன். நீ நினைத்த மாதிரி ஏமாந்தது சித்தி இல்லை. கையெழுத்துப் போட்டது நான். படித்துப் பார்க்கவில்லை. கவுன்ட்டருக்கு மேல் ஒரு தாள் நகர்ந்து வந்தால் என் கை தானாகவே எழுதும், அன்றைக்கும் அது தானாகவே எழுதியது.

இரண்டு நாள் குழாயைத் திறந்து திறந்து பார்த்தேன். சித்தியிடம் சொல்லவும் வாய் வரவில்லை. மூன்றாம் நாள் காலையில் மொட்டை மாடிக்குப் போய், தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திறந்து, தலையை உள்ளே விட்டு, தண்ணீர் பழுப்பா இல்லையா என்று நேரில் விசாரித்துக்கொண்டிருந்தேன். கீழே டை இயந்திரத்தோடும் துளை போடுகிற ஆளோடும் வந்துவிட்டான். ஐயா சொல்லியிருக்காரும்மா என்றிருக்கிறான். சித்தி என்ன சொல்லியிருப்பாள் என்று உனக்குத் தெரியும். அப்புறம் பார்க்கலாங்க என்றிருக்கிறாள். அந்தச் சொல் முடிவதற்குள் துளை போட்டாயிற்று. சத்தம் கேட்டு நான் நான்கு நான்கு படியாகத் தாவி இறங்கி, கடைசி எட்டுப் படியைக் காற்றிலேயே கடந்து வந்து சேர்ந்தபோது, டை மறுபடி டம்ளரும் கம்பியுமாகச் சித்திக்குக் காட்சி நடத்திக்கொண்டிருந்தான். நம் தண்ணீர் சேறு, அவன் தண்ணீர் பளிங்கு.

சித்தி பள்ளிக்கூட ஆய்வகத்தில் இருபத்தாறு வருஷம் சோதனைக் குழாய் கழுவி, பிள்ளைகளுக்குச் சாமான் எடுத்துவைத்தவள் என்பது அவனுக்குத் தெரியாது. எனக்கும் அந்த நிமிஷம் நினைவில் இல்லை. அவள் டம்ளரை ஒரு தடவை பார்த்தாள், கம்பியை ஒரு தடவை பார்த்தாள். அடுப்படியில் இருந்து உப்பு ஜாடியை எடுத்துவந்து, அவனுடைய பளிங்குத் தண்ணீரில் ஒரு சிட்டிகை போட்டுக் கலக்கினாள். இப்போ விடுங்க தம்பி என்றாள். அவன், அம்மா அதெல்லாம் அப்படிச் செய்யக் கூடாதும்மா, மெஷின் கெட்டுடும் என்றான். மெஷின் கெட்டாலும் பரவாயில்ல, தண்ணிக்கு ஒண்ணும் ஆகாது, விடுங்க என்றாள். விட்டான். அவனுடைய தண்ணீர் நம் தண்ணீரைவிடச் சீக்கிரம் பழுப்பாகி, நம்முடையதைவிடக் கெட்டியாகச் சேறானது. இரும்புக் கம்பி கரையுது தம்பி, அதான் இந்த நிறம், தண்ணியில ஒண்ணும் இல்ல, உங்க தண்ணியில உப்பே கிடையாது, அதனால கரண்ட் ஓடல, அவ்வளவுதான், இதை நான் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைங்களுக்கு வருஷா வருஷம் எடுத்து வச்சிருக்கேன் என்றாள். என் முப்பத்தொரு வருஷமும் ஒரு சிட்டிகை உப்பில் எனக்குத் திரும்பி வந்தது.

ஆனால் டை லேசுப்பட்டவனா. பெட்டியிலிருந்து தாளை எடுத்தான். அதெல்லாம் சரிம்மா, ஐயா ஒப்பந்தத்துல கையெழுத்து போட்டாச்சு, சுவரும் துளைச்சாச்சு, இனி மாட்டாம போக முடியாது, வேணும்னா ஒரு மாப் இலவசமாத் தரேன் என்றான். ஆறாவது மாப். சித்தி கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு தாளைப் படித்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி படித்தாள். ஒப்புக்கொள்கிறேன் என்று அச்சடித்திருந்த வரிக்குக் கீழே, பெருக்கல் குறி போட்ட இடத்தில், என் கை முப்பத்தொரு வருஷப் பழக்கத்தில் எழுதியிருந்தது இதுதான்: மனு பெறப்பட்டது, பரிசீலனையில் உள்ளது. கீழே தேதி, கீழே என் சுருக்கொப்பம். நீ நம்பமாட்டாய் என்பதால், டை எனக்குக் கொடுத்திருந்த நகலை இந்தக் கடிதத்தோடு மடித்து வைத்திருக்கிறேன். சித்தி தாளை அவன் பக்கம் திருப்பி அந்த இடத்தைக் காட்டினாள். பரிசீலிச்சாச்சு தம்பி, வேண்டாம் என்றாள்.

அந்தச் சொல் கிளம்பியதும் என்ன நடந்தது என்று நான் சொன்னால் சரித்திரத்தில் எழுதிக்கொள்வார்கள். துளை போடும் கருவி தானாக நின்றது. தெருவில் இருந்த அத்தனை அழைப்பு மணியும் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டன. பஸ் நிறுத்தத்தில் இறங்கக் காலை வைத்த மூன்று பேர் காலை உள்ளே எடுத்துக்கொண்டு அடுத்த ஊருக்கு டிக்கெட் வாங்கினார்கள். டையின் கழுத்தில் முதன்முதலாக வியர்வை அரும்பி, டை நனைந்து, நனைந்த டை சுருங்கி, ஒரு விரல் நீளத்துக்கு வந்துவிட்டது. இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு அவன் போன வேகத்தில் வாசல் செடிகள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்தன, இன்னும் நிமிரவில்லை. துளையை மட்டும் விட்டுப் போய்விட்டான். அதில் ஒரு கொக்கி போட்டு டீ வடிகட்டியை மாட்டியிருக்கிறாள் சித்தி, ரொம்ப வசதியாக இருக்கிறது, அடைக்க வேண்டாம் என்கிறாள். அவள் அந்தச் சொல்லைக் கற்றுக்கொண்டதில் நான்தான் கஷ்டப்படுகிறேன். இரண்டாவது டீ கேட்டால் வேண்டாம். சாப்பாட்டு நேரத்தில் என் அலுவலகக் கதையை எடுத்தால் வேண்டாம். டீச்சர் வந்து ஏணிக்குப் பதிலாக எங்கள் மிக்ஸியைக் கேட்டபோதுகூட, டீச்சரே ஆடிப்போகிற மாதிரி ஒரு வேண்டாம்.

ஆகையால் உன்னுடைய அடுக்குமாடி விஷயமாக அலுவலக முறைப்படி பதில் எழுதுகிறேன். உன் மனு பெறப்பட்டது. சித்தியும் நானும் சாப்பாட்டு இடைவேளை எடுக்காமல் உட்கார்ந்து பரிசீலித்தோம். நீ சொன்ன காரணம் ஒன்றுதான், சித்திக்கு வேண்டாம் என்று சொல்ல வராது என்பது. அந்தக் காரணம் இப்போது இந்த வீட்டில் இல்லை. எனவே சித்தி சொல்லச் சொன்ன பதில்: வேண்டாம்மா. லாரிக்காரரிடம் சொல்லிவிடு. காவலாளி வந்தவர்கள் பெயரை நோட்டில் எழுதிக்கொள்வான், டம்ளரில் உப்புப் போடமாட்டான். நாங்கள் இந்த வீட்டிலேயே இருக்கிறோம், கதவை நாங்களே பார்த்துக்கொள்கிறோம். இதற்காக நீ கோபித்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணாமல் இருந்தால் சித்தி இரண்டு நாள் பேசமாட்டாள், கஷ்டம் எனக்கு, அதையும் யோசி. லீவு கிடைத்ததும் வா. உன் அறையில் இப்போது மாப் எல்லாம் வைத்திருக்கிறோம், நீ வருவதற்குள் எடுத்துவிடுவோம். வேலை வேலை என்று மத்தியானச் சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே. நீ தங்கியிருக்கிற இடத்திலும் கதவைத் தட்டுவார்கள், சங்கிலியைப் போட்டுக்கொண்டு பேசு. எதிலும் படிக்காமல் கையெழுத்துப் போடாதே, இந்த ஒரு விஷயத்தில் சித்தப்பாவைப் பார்த்துக் கற்றுக்கொள்ளாதே. தலை நரைத்து, பல் விழுந்து, என்னைப் போலவே புளுகத் தெரிந்து நீண்ட நாள் சுகமாக இரு என்று நாங்கள் இருவரும் வாழ்த்துகிறோம்.

முடிப்பதற்கு முன் ஒன்று. துளையை நீயே பார்த்துவிட்டாய், என் கையெழுத்தின் நகல் உன் கையில் இருக்கிறது, அவற்றை விட்டுவிடு. மற்றபடி டோக்கனும் இல்லை, வரிசையும் இல்லை, நாற்பத்தேழு கேள்வியும் இல்லை, செடிகள் நேராகத்தான் நிற்கின்றன. இத்தனை புளுகிலும் ஒரு சிறிய இடம் மட்டும் அப்படியே நடந்தது. சித்தி அந்தச் சொல்லைச் சொன்னாள். சத்தமாக இல்லை, அடுத்த அறையில் இருந்தால் எனக்கே கேட்டிருக்காது. உப்பு ஜாடியின் மூடியை இன்னும் கையில் பிடித்திருந்தாள். அவன் போய்க் கதவை மூடிய பிறகு அப்படியே நின்று, சரியாச் சொன்னேனா என்று என்னைக் கேட்டாள். சுவர்த்தூள் சிந்தியிருந்த தரையை, அந்த ஐந்து மாப்பில் ஒன்றை எடுத்து, நானே துடைத்தேன். இதையும் உண்மை என்று சொன்னால் நீ நம்பப்போவதில்லை, அதனால் ஓர் உண்மையோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பரிசீலிக்கப்பட்டு, இந்த வீட்டிலேயே வைத்துக்கொள்ளப்பட்ட
உன் சித்தப்பா